கடல் தந்த கோப்பைகள்

1752-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள், சீனத்தின் காண்டன் துறையிலிருந்து தாயகம் நோக்கிப் புறப்பட்ட 'கெல்டர்மால்சன்' என்னும் ஒல்லாந்துக் கப்பல், தென்சீனக் கடலில் பாறைத் திட்டொன்றில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 112 பேரில் 80 பேர் மாண்டனர். படகேறித் தப்பிய 32 பேர் பத்தாவியா வந்து சேர்ந்தனர். கம்பெனி அதிகாரிகளோ, கப்பலோடு போன தங்கம் என்னவாயிற்று என்று அவர்களைத் துருவித் துருவி விசாரித்தனர்.

அக்கப்பலின் முதன்மைச் சரக்கு தேயிலை. ஈரம் பட்டாலும் கெடாத பீங்கான், பாரத்துக்காக அடித்தட்டில் அடுக்கப்பட்டிருந்தது. தேயிலை மட்கிப் படிந்து, அப்பீங்கானை 233 ஆண்டுகள் காத்தது. 1985-இல் மைக்கேல் ஹாட்சர் என்பவர் அதனைக் கண்டெடுத்தார். மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பீங்கான்களும் 125 தங்கக் கட்டிகளும் ஏலம் விடப்பட்டன. 'நான்கிங் சரக்கு' என்ற பெயரில் அக்கோப்பைகள் உலகெங்கும் உள்ள வீட்டு அலமாரிகளில் இடம்பிடித்தன.

இத்தகைய கலங்கள் பிறந்த இடம் ஜிங்டேஜென் நகரம். அதன் சூளைகளைப் பற்றி ஐரோப்பாவுக்கு விரிவாக எழுதியவர், அப்பகுதியில் மறைப்பணியாற்றிய இயேசு சபைக் குரு தாந்திரகோல் அடிகளார். 1712-இல் அவர் எழுதிய மடலுக்குச் செய்தி தந்தவர்களுள், சூளைகளில் உழைத்த அவருடைய கிறிஸ்தவ மக்களும் இருந்தனர். ஒரே கலம் எழுபது பேரின் கைகளைக் கடந்து உருவாகிறது என அவர் குறித்துள்ளார். எழுபது பேரின் உழைப்பையும் எண்பது பேரின் மரணத்தையும் சுமந்த கோப்பையை நாம் வெறும் அலங்காரப் பொருளாகக் காண்பது தகுமோ?

சேகரிப்போர் கூறும் நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். கடலடியிலேயே கிடந்திருந்தால் அவற்றை எவர் கண்டிருப்பர்? திருடர் கையில் சிக்கியிருக்கவும் கூடும். இது உண்மையே. ஆயினும், விற்பனைக்கென அவசரமாய் அள்ளப்படும்போது, எப்பொருள் எவ்விடத்தில், எதனருகே கிடந்தது என்னும் வரலாறு என்றென்றைக்குமாய் அழிந்துபோகிறது. 1822-இல் ஏறத்தாழ 1,600 உயிர்களோடு மூழ்கிய 'தெக் சிங்' என்னும் சீன மரக்கலத்தின் பீங்கான்கள், 2000-இல் ஸ்டுட்கார்ட் நகரில் ஏலம் போய்ச் சிதறின. மாறாக, 1998-இல் பெலித்துங் தீவருகே கண்டறியப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலும் வணிக நோக்கிலேயே அகழப்பட்டது எனினும், அதன் பொருள்களில் பெரும்பகுதியை 2005-இல் சிங்கப்பூர் ஒருசேர வாங்கிக் காத்தது. ஆகவே அக்கப்பலின் கதை இன்றும் முழுமையாகப் பேசுகிறது. கடலடி மரபுச் செல்வத்தை வணிகப் பொருளாக்கலாகாது என்றும், அங்குள்ள மனித எச்சங்களுக்கு உரிய மரியாதை வேண்டும் என்றும் யுனெஸ்கோ 2001-இல் உடன்படிக்கை வகுத்தது.

கல்லறைத் திருநாளில் நாம் நம் முன்னோரின் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். ஆழியில் அமிழ்ந்தோர்க்கோ மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு மேடும் இல்லை. கப்பலே அவர்தம் கல்லறை. அதிலிருந்து வந்த கோப்பையை வாங்கியவரைப் பழிக்க நாம் வரவில்லை. விருந்தினருக்கு அதனைக் காட்டும்போது விலையைச் சொல்வதற்கு முன், மாண்டவர் எத்தனை பேர் என்று சொல்லட்டும். அவர்களுக்காக ஒரு நொடி செபிக்கட்டும். நாம் கேட்பது அவ்வளவே.