ஒரு கிணறைக் கெடுத்தால் என்ன தண்டனை?

உங்க பைக் கண்ணாடியை ஒருத்தர் வேணும்னே உடைக்கிறார்னு வைங்க. சட்டத்துக்கு அது சுலபம். 1860-ல வந்து 2024 வரை அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 425-வது பிரிவு. அடுத்தவர் சொத்துக்கு நஷ்டம் வரும்னு தெரிஞ்சே சேதப்படுத்தினால் குற்றம். யார் உடைச்சது, எவ்வளவு செலவு, ரெண்டுக்கும் பதில் இருக்கு.

இப்போ ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வாங்க. அங்க உடைஞ்சது கண்ணாடி இல்ல, கிணறு. டேனரிகளின் கழிவுநீர் நிலத்தில் இறங்கி, பாலாற்றில் கலந்து, வயலுக்கு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் தேவை. என் கிணற்றைக் கெடுத்தது எந்த ஆலையின் தண்ணீர்னு ஒரு விவசாயி எப்படி நிரூபிப்பார்?

இந்த முடிச்சை அவிழ்த்தது வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக ஓர் ஆய்வு சொன்னதைத் தீர்ப்பு பதிவு செய்தது. அதோட ரெண்டு விஷயத்தை நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. ஒன்று, கெடுத்தவரே காசு கொடுக்கணும். பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமில்ல, மண்ணையும் நீரையும் சீர்செய்யவும். இன்னொன்று, தன் தொழிலால் கேடு இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது ஆலைக்காரர். அதாவது, நிரூபிக்கும் சுமை விவசாயி தோளிலிருந்து இறங்கியது. ஐந்து மாவட்ட டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள்.

கதை இங்கே சுபமா முடியல. இழப்பைக் கணக்கிட அமைத்த ஆணையம் 2001-ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்க: சராசரியா ஆளுக்குச் சுமார் 9,200 ரூபாய். ஒரு கிணற்றுக்கும் அதை நம்பிய வயலுக்கும் இதுதான் விலையா?

2025 ஜனவரி 30 அன்று இதே பிரச்சினை மறுபடியும் உச்ச நீதிமன்றத்தில். நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு சொன்னது முக்கியம்: ஒருமுறை பணம் கட்டிட்டா பொறுப்பு தீராது, சேதம் நீங்கும்வரை தொடரும். பாக்கி இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் ஆலைகளிடம் வசூலிக்கணும்.

தோல் வேலை அந்த ஊர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுது. அதனால் இதை வில்லன் கதையா நான் சொல்ல வரல. நாம போடுற ஷூவின் விலைச்சீட்டில் ஏறாத ஒரு செலவு, இன்னொருத்தர் கிணற்றில் 30 வருஷத்துக்கு மேலா பாக்கி நிற்குது. சட்டம் பில் போட்டாச்சு. வசூல்தான் இன்னும் முடியல.