தையல் ஆற எத்தனை வாரம்?



போன தவணையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று வாரம் பள்ளிக்கூடம் வரவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை. திரும்பி வந்த அன்று கூப்பிட்டுக் கேட்டோம்.

"தம்பி பொறந்திருக்கான் டீச்சர். அம்மாவுக்கு ஒபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. அம்மாவுக்குக் குனிய ஏலாது. தண்ணி எடுக்க, சோறாக்க ஆள் இல்ல."

"இப்ப யாரும்மா பார்க்கிறாங்க?"

"அம்மாவே எழும்பிட்டாங்க டீச்சர்."

மூன்று வாரம். அந்தக் கணக்கு எங்கள் மனதை விட்டுப் போகவில்லை. வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்த ஒரு தாய் மூன்று வாரத்தில் எழும்பித் தண்ணீர்க் குடம் தூக்குகிறாள் என்றால், அது அவளுடைய தைரியமா, அல்லது அவளுக்கு வேறு வழி இல்லையா? இதற்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் இல்லாத சரித்திரம். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

முதலில் அந்த ஒபரேஷனின் கதை.

சிசேரியன் என்ற பெயர் ரோம் நாட்டு ஜூலியஸ் சீசரால் வந்தது, அவர் வயிற்றைக் கீறிப் பிறந்தவர் என்று பலர் சொல்வார்கள். அது நம்ப முடியாத கதை. சீசர் பெரிய ஆளான பிறகும் அவருடைய தாய் அவ்ரேலியா உயிரோடு இருந்தார். அந்தக் காலத்தில் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தால் தாய் பிழைப்பதில்லை. கர்ப்பிணியாக இறந்தவளை அப்படியே அடக்கக் கூடாது, பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும் என்பதுதான் ரோமச் சட்டம். ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த அறிஞர் அல்-பிரூனியும் இறந்த தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை எடுக்கப்பட்ட அந்தக் கதையை எழுதியிருக்கிறார். அவருடைய நூலுக்கு 1307இல் எழுதப்பட்ட ஒரு பிரதியில் அந்தக் காட்சி ஓவியமாகவே இருக்கிறது. அந்தப் பிரதி இன்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உள்ளது.

நூற்றுக்கணக்கான வருடங்கள் இந்தச் சத்திரசிகிச்சை பிள்ளைக்காகத்தான். தாய்க்காக அல்ல.

1879இல் ரொபர்ட் ஃபெல்கின் என்ற ஆங்கிலேய வைத்தியர் இன்றைய உகண்டாவில் ஒரு காட்சியைக் கண்டு எழுதி வைத்தார. அந்த ஊர் வைத்தியர் வாழைப்பழ மதுவால் கையையும் வயிற்றையும் கழுவி, கீறிப் பிள்ளையை எடுத்தார். பிறகு இரும்பு ஊசிகளைக் குத்தி, மரப்பட்டை நாரால் சுற்றி வயிற்றை மூடினார். பதினோராம் நாள் காயம் மூடியிருந்தது. தாயும் பிள்ளையும் நலம். அதே காலத்தில் ஐரோப்பாவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்த ஒபரேஷனுக்குப் போன பெண்களில் பெரும்பாலானவர்கள் திரும்பி வரவில்லை.

ஏன்? வயிற்றுத் தோலைத் தைத்தார்கள். கர்ப்பப்பையைத் தைக்கவில்லை. அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். உள்ளே போட்ட நூலைப் பிறகு எப்படி எடுப்பது என்றும் பயந்தார்கள். தாய்மார் இரத்தம் போய் இறந்தார்கள், அல்லது கிருமி ஏறி இறந்தார்கள். 1876இல் இத்தாலியில் எதுவார்தோ போரோ என்பவர் பிள்ளையை எடுத்த கையோடு கர்ப்பப்பையையும் வெட்டி எடுத்துத்தான் தாயைக் காப்பாற்றினார்.

1882இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் மாக்ஸ் சேங்கர் என்ற இளம் வைத்தியர், கர்ப்பப்பையையும் வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் அடுக்கடுக்காகத் தைக்க வேண்டும் என்று எழுதினார். அதன் பிறகுதான் தாய்மார் பிழைக்கத் தொடங்கினார்கள். உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் குடல் நூலைப் பற்றி கொர்டோவாவின் அல்-ஸஹ்ராவி சுமார் 1000ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார் என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர் போன்றவர்கள், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறுவதே நல்லது என்று நிலைநாட்டினார்கள். அந்த இடம் நன்றாக ஆறும். அடுத்த பிரசவத்தில் கிழியும் ஆபத்தும் குறைவு. 

ஆக, தாயைப் பிழைக்க வைத்தது கத்தி அல்ல, தையல். தையல் ஆற நேரம் வேண்டும். அந்த நேரத்தை நம் மலையகம் எப்படிக் கொடுத்தது?

சேங்கர் தையலைப் பற்றி எழுதிய அந்த வருடங்களில்தான் இங்கே கோப்பி நோயால் செத்து, தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் தேயிலை போட்டார். கோப்பிக்கு ஆட்கள் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து திரும்பிப் போகலாம். தேயிலை அப்படி அல்ல. வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குக் குடும்பத்தோடு இங்கேயே இருக்கும் ஆட்கள் வேண்டும், முக்கியமாகப் பெண்கள் வேண்டும். எங்கள் லயங்கள் நிறைந்தது அப்படித்தான்.

அந்தப் பெண்கள் லயத்துக் காம்பராவிலேயே பிள்ளை பெற்றார்கள். பக்கத்துக் காம்பரா மருத்துவச்சிப் பாட்டிதான் வைத்தியர். பிள்ளை குறுக்கே கிடந்தால் தாயின் கதி என்ன என்று யாரும் கேட்கத் தேவையில்லை. மலை மலையாக இருக்கும் புதைகுழிகளுக்குத் தெரியும்.

தோட்டங்களுக்கு வைத்திய வசதி வேண்டும் என்று 1872இல் முதல் சட்டம் வந்தது.  1912இல் அந்தச் சட்டங்கள் புதுப்பிக்கப்பட்டபோது, தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும், வைத்தியர் சொன்னாலொழிய அந்த மாதம் வேலைக்கு அழைக்கக் கூடாது என்று இருந்தது.

ஒரு மாதம். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. இப்போது காசும் உண்டு. பிரசவத்துக்கு முன் 2 வாரம், பின் 4 வாரம். பின் 4 வாரம் என்றால் அதே ஒரு மாதம்தான்.

அடுத்த வந்த திருத்தங்களில் அது 12 வாரமானது. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு. இரண்டு பிள்ளை உயிரோடு இருக்கும் தாய்க்கு அடுத்த பிரசவத்தில் 6 வாரம் மட்டும். மூன்றாவது பிள்ளையைப் பெறும் உடம்பு சீக்கிரம் ஆறிவிடுமா? மூன்றாவது தடவை அதே இடத்தைக் கீறியவளுக்கு அல்லவா கூடுதல் ஓய்வு வேண்டும்? இந்த வித்தியாசம் நீங்கியது 2018இல். நேற்று மாதிரிதான்.

இதற்கிடையில் 1948இல் நம் மக்களின் குடியுரிமை பறிபோனது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையால் மிட்வைஃப் அம்மா கிராமத்து வீட்டுப் படியேறி வந்து கர்ப்பிணிகளைப் பார்த்தார். தோட்டம் நெடுங்காலம் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தது. அங்கே டிஸ்பென்சரியும் தோட்டத்து லொறியும்தான். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது முப்பதைச் சுற்றி நிற்கிறது. உலகமே மெச்சும் சாதனை. ஆனால் அந்த வெளிச்சம் கடைசியாக வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று எங்கள் மலை.

இப்போது நிலைமை மாறிவிட்டது. லயத்தில் பிள்ளை பெறுவது அரிது. டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியின் 150 கட்டில் கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நாட்டில் 2016இல் எடுத்த சுகாதார ஆய்வின்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை சிசேரியனில் பிறக்கிறது. ஒபரேஷன் எங்களை வந்தடைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆறுவதற்கான நேரம்தான் இன்னும் முழுதாக வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். கீறிய தோல் பத்து நாளில் மூடிவிடும். பார்ப்பவர்கள் "ஆறிட்டுதே" என்பார்கள். ஆனால் மூன்றாம் வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய பலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட வருவதில்லை. மூன்று மாதம் போனால்தான் ஐந்தில் நான்கு பங்கு வரும். அதற்கு மேல் வராது. தோலுக்குக் கீழே கொழுப்பு, தசையை மூடிய உறை, வயிற்றின் உள்சவ்வு, கர்ப்பப்பை என்று ஒவ்வொன்றும் ஆற வேண்டும். அதனால்தான் ஆறு வாரத்துக்குப் பிள்ளையின் எடைக்கு மேல் தூக்காதே என்று வார்ட்டில் சொல்லி அனுப்புகிறார்கள்.

எங்கள் தாய் எதைத் தூக்குகிறாள்? தண்ணீர், விறகு, பிறகு கொழுந்து. செங்குத்தான மலையில் ஏற வேண்டும். மழைக்கும் செடி குத்தாமலும் இடுப்பில் இறுக்கிக் கட்டும் படங்கு சரியாகத் தழும்பின் மேலேயே வந்து உட்காருகிறது. பேர் விழ வேண்டும் என்றால் நின்று மூச்சு வாங்கவும் முடியாது.

இதை எழுதுகிற எங்களுக்கும் வெட்கமாக இருக்கிறது. அரசாங்க ஆசிரியைக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை அதில் சேராது. பிறகு அரைச் சம்பளத்தில் 84, சம்பளமில்லாமல் 84. கொழுந்து பறிப்பவளுக்கு, காலண்டரில் எண்ணினால் 12 வாரம். அதில் 2 வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விடும். கூலியில் ஏழில் ஆறு பங்கு. செக்ரோலில் பெயர் இல்லாமல் கைக்காசுக்குப் பறிப்பவளுக்கு அதுவும் கைக்கு வருவது கஷ்டம். இரண்டு பேர் வயிற்றிலும் ஒரே தையல்தான்.

எங்கள் முஸ்லிம் வீடுகளில் நாற்பது நாள் என்ற வழக்கம் உண்டு. லயத்து வீடுகளிலும் தீட்டு, பத்தியம், காயம் குடித்தல் என்று இருக்கிறது. இந்த வழக்கங்களில் உள்ள நல்லது, அவை தாய்க்கு ஓய்வு கொடுத்தன. அதை வைத்துக்கொள்வோம். "தண்ணி குடிச்சா தையல் சீழ் பிடிக்கும்", "முட்டை ஆகாது" என்பவற்றை விட்டுவிடுவோம். காயம் ஆறப் புரதம் வேண்டும். பால் ஊறத் தண்ணீர் வேண்டும். முதுகில் போட்ட ஊசியால்தான் காலமெல்லாம் முதுகு வலி என்பதையும் ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. சீக்கிரம் பாரம் தூக்கியதையும் யோசித்துப் பாருங்கள்.

தழும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல தாய்மார் வெட்கத்தில் யாரிடமும் கேட்பதில்லை. தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருப்பதும் குளிரில் இழுப்பதும் பல மாதம் இருக்கும். சிலருக்குத் தழும்பு தடித்து, அரித்து, கீறிய இடத்தையும் தாண்டி வளரும். அதற்குக் கீலாய்ட் என்று பெயர். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது அதிகம். அது புற்றுநோய் அல்ல, யாருடைய கண்ணேறும் அல்ல. கிளினிக்கில் காட்டினால் ஊசி, சிலிக்கன் பட்டை என்று வைத்தியம் உண்டு. வெளியே தெரியாத உள்தழும்பு ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் அடுத்த பிள்ளைக்கு ஒன்றரை, இரண்டு வருடமாவது இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், கெட்ட வாடை, அதிக இரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

"நோகாமப் பெத்தவ" என்று மாமியார், நாத்தனார் சொல்லும் பேச்சு இத்தோடு நிற்கட்டும். நோகாமல் பெற்றவள் யாரும் இல்லை.

நாம் என்ன செய்யலாம்? அண்ணன்மாரே, தம்பிமாரே, மூன்று மாதத்துக்குத் தண்ணீரும் விறகும் உங்கள் வேலை. தலைவர்மாரே, 12 வாரக் காசு எல்லாத் தாய்க்கும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வருபவளுக்குக் கொஞ்ச நாள் மட்டமான மலையைக் கொடுக்கும்படி கேளுங்கள். ஒரு வயது வரை பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இடைவேளை சட்டத்திலேயே இருக்கிறது, அதையும் கேளுங்கள். பெற்றோரே, வீட்டில் பிரசவம் என்றால் பெண் பிள்ளையை நிறுத்துவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏதாவது வழி செய்வோம்.

அந்தப் பிள்ளை இப்போது ஒழுங்காக வருகிறாள். விட்டுப்போன மூன்று வாரப் பாடத்தை இடைவேளையில் சொல்லிக் கொடுத்து முடித்துவிட்டோம். அவளுடைய அம்மாவுக்கு விட்டுப்போன வாரங்களை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்த தாய்க்காவது கொடுப்போம்.

பிழை இருந்தால் திருத்துங்கள். பிரயோசனம் என்று நினைத்தால் உங்கள் தோட்டத்துக் குழுக்களில் பகிருங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.