டோலமைட் பாறை எப்படி உருவாச்சு? 190 கோடி வருஷ ரகசியத்துக்குத் துப்பு தரும் அரிய மண் தனிமங்கள்!

கந்தர்வக்கோட்டை, ஆதனக்கோட்டைன்னாலே முந்திரியும் செம்மண்ணும்தான் ஞாபகத்துக்கு வரும். அமிலத்தன்மை கூடிய செம்மண்ணைச் சரிப்படுத்த ஒரு வெள்ளைத் தூள் போடுவாங்க. கடலோர இறால் பண்ணைகளுக்கும் அது மூட்டை மூட்டையாகப் போகும். அதுதான் டோலமைட்.

சுண்ணாம்புக்கல்லுக்கு நெருங்கிய சொந்தம் இது. சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் கார்பனேட்தான் பிரதானம். டோலமைட்டில் கால்சியத்துக்குச் சமமாக மெக்னீசியமும் இருக்கும்.

என்ன மர்மம்?

பழைய பாறைகளில் டோலமைட் மலை மலையாகக் கிடக்கிறது. இன்றைய கடலிலோ புதிதாக உருவாவது ரொம்ப அபூர்வம். அமெரிக்க ஆய்வாளர் லிண்டன் லேண்ட், 25 டிகிரி வெப்பநிலையில் 32 வருஷம் காத்திருந்தும் ஆய்வகத்தில் டோலமைட் படியவே இல்லை. 1998-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டபோது தலைப்பிலேயே 'தோல்வி'ன்னு போட்டார். அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்! 2023-ல் மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தப்பாக ஒட்டிய அணுக்கள் அவ்வப்போது கரைந்து போனால்தான் படிகம் வேகமாக வளரும்னு காட்டினாங்க.

ஆனா ஒரு குறிப்பிட்ட பாறை கடல் நீரில் உருவானதா, பிறகு பூமிக்குள் புகுந்த சூடான நீரால் மாறியதா? அதை அந்தப் பாறையிடம்தான் கேட்கணும்.

செரியம் சொல்லும் சாட்சி

லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான அரிய மண் தனிமங்கள் டோலமைட்டில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும். இவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே குணம் கொண்டவை. இரண்டு மட்டும் அடங்காதவை.

ஆக்ஸிஜன் உள்ள கடலில் செரியம், மாங்கனீசுத் துகள்களில் ஒட்டிக்கொண்டு நீரை விட்டு விலகிடும். அதனால அந்தக் கடலில் உருவான பாறையில் செரியம் குறைவாக இருக்கும். ஆழத்திலிருந்து வரும் மிகச் சூடான நீரிலோ யூரோப்பியம் கூடுதலாக இருக்கும். பாறையில் யூரோப்பியம் தூக்கலாக இருந்தால் வெந்நீர் மேல சந்தேகம் வரும்.

இதுல ஒரு வசதி. பூமிக்குள் ஓடும் நீரில் இந்தத் தனிமங்கள் பாறையில் இருப்பதைவிடப் பல மடங்கு குறைவு. அதனால சுண்ணாம்புக்கல் பின்னாளில் டோலமைட்டாக மாறினாலும், பழைய கடலின் கையெழுத்து பல நேரம் அழியாமல் இருக்கும்.

களிமண் கலந்தால் மட்டும் கணக்கு கெட்டுப்போகும். கடல் நீரில் இட்ரியம்-ஹோல்மியம் விகிதம் பொதுவாக 44-க்கு மேல். களிமண்ணில் சுமார் 27. பாறையில் 27-ஐ ஒட்டி வந்தால், அந்த மாதிரி கடலைப் பற்றி எதுவும் சொல்லாது. அதனாலதான் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் மாதிரி மெல்லிய அமிலத்தில் கார்பனேட்டை மட்டும் கரைச்சு அளக்குறாங்க.

கடப்பாவில் ஏன் முக்கியம்?

பக்கத்து மாநிலமான ஆந்திராவின் கடப்பா படுகையில், வேம்பள்ளி டோலமைட் அடுக்குகள் சுமார் 190 கோடி வருஷம் பழமையானவை. அந்தக் காலத்து நுண்ணுயிர்கள் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட் படிவங்களும் அதில் இருக்கு. அதே டோலமைட்டிலிருந்துதான் தும்மலபள்ளியில் இந்திய யுரேனியம் கழகம் யுரேனியம் எடுக்குது. அது அந்தப் பழைய கடலிலேயே சேர்ந்ததா, பின்னால் வந்த நீர் கொண்டு வந்ததா? கடலிலேயே சேர்ந்திருந்தால் அடுக்கு போகும் வழியெல்லாம் தேடலாம். நீர் கொண்டு வந்திருந்தால், அது புகுந்த பிளவுகளைத்தான் முதலில் தேடணும்.