பிள்ளைப்பாக்கத்துப் பேனலும் பாசியின் சவ்வும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம் என்றதும் காரும் கைபேசியும்தான் நினைவுக்கு வரும். 2024 ஜனவரியில் அந்த வரிசையில் சோலார் பேனலும் சேர்ந்தது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் திறந்த ஆலையின் ஆண்டு உற்பத்தித் திறன் 3.3 கிகாவாட். கண்ணாடியின்மேல் காட்மியம் டெல்லுரைடைச் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்குப் படியவைப்பது இதன் தொழில்நுட்பம்.

வெயிலைப் பிடிக்கும் இன்னொரு மென்படலம் ஏரிகளிலும் நெல்வயல்களிலும் இருக்கிறது. நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியாவின் செல்லுக்குள் அடுக்கடுக்காக அமைந்த தைலகாய்டு சவ்வு அது. தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். இந்தப் பாசிகளை வகைப்படுத்தி 1959இல் ‘சயனோஃபைட்டா’ என்ற பெருநூலை எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி.

இவ்விரண்டில் எது சிறந்தது என்ற பேச்சு பெரும்பாலும் விழுக்காட்டுக் கணக்கோடு முடிந்துவிடும். அந்த விழுக்காடு எதை எண்ணுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

ஒளியைப் பிடித்தல்

காட்மியம் டெல்லுரைடு ஒரே பொருளாக நின்று, கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் அகச்சிவப்பில் ஒரு பகுதியையும் விழுங்குகிறது. பாசிக்கு அது வாய்க்கவில்லை. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் பிடிக்கும்; இடைப்பட்ட நிறங்களை நழுவவிடும். அந்த இடைவெளியை நிரப்பச் சவ்வின் வெளிப்புறத்தில் ஃபைகோபிலிசோம் என்ற புரதத் தொகுதிகள் ஒட்டிநிற்கின்றன. அவை மஞ்சளையும் ஆரஞ்சையும் பிடித்து, அந்த ஆற்றலைச் சவ்வுக்குள் கடத்துகின்றன. பாசியின் நீலச்சாயல் இவற்றால் வருவது.

எலக்ட்ரானைப் பிரித்தல்

ஒளியால் கிளர்ந்த எலக்ட்ரான் பழைய இடத்துக்கே திரும்பினால் ஆற்றல் வெப்பமாகி வீணாகும். திரும்பவிடாமல் தடுப்பதே இரண்டுக்கும் அடிப்படை வேலை. பேனலில் இரு வேறு குறைகடத்திகள் சந்திக்கும் எல்லையில் உருவாகும் மின்புலம் அதைச் செய்கிறது. சவ்வில் மின்புலத்தை நம்பிக் காத்திருக்க நேரமில்லை. ஒளியமைப்பு 2 என்ற புரதத்தொகுதி, சில பிக்கோ விநாடிகளில் எலக்ட்ரானை அடுத்த மூலக்கூறிடம் தள்ளிவிடுகிறது.

தொடரிணைப்பிலும் ஒற்றுமை உண்டு. ஒரு பேனல் மின்கலம் தருவது 1 வோல்ட்டுக்கும் குறைவு. அதனால் படலத்தை லேசரால் கீறி, நீண்ட பட்டைகளாக்கித் தொடராக இணைக்கிறார்கள். பாசியும் இதையே செய்கிறது. நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து, சர்க்கரை செய்யத் தேவையான மட்டத்துக்கு உயர்த்த ஒரு சிவப்பு ஒளித்துகள் போதாது. ஆகவே ஒளியமைப்பு 2 ஒருமுறையும் ஒளியமைப்பு 1 மறுமுறையும் அதே எலக்ட்ரானை ஏற்றுகின்றன.

தொடரிணைப்பின் குறை, மிக மெலிந்த கண்ணியே மொத்த ஓட்டத்தையும் மட்டுப்படுத்துவது. பேனலில் பட்டைகளின் அளவு ஆலையிலேயே முடிவாகிவிடுகிறது. பாசியோ ஒளி மாறும்போது, எந்த அமைப்புக்கு எவ்வளவு ஆற்றல் என்பதைச் சில நிமிடங்களில் மாற்றிப் பங்கிடுகிறது.

போய்ச்சேரும் இடம்

வேறுபாடு இங்கேதான் பெரிதாகிறது. பேனலின் எலக்ட்ரான் சுற்றிவந்து பேனலுக்கே திரும்பும். எந்தப் பொருளும் செலவாவதில்லை. பாசியின் எலக்ட்ரான் திரும்புவதில்லை. அது நீரிலிருந்து வந்து, எலக்ட்ரானைச் சுமக்கும் என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு வழியாகச் சர்க்கரையில் தங்கிவிடுகிறது. மிச்சமாகும் ஆக்சிஜன் வெளியேறுகிறது. வழியில் சவ்வின் ஒரு பக்கம் குவியும் புரோட்டான்கள், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைச் செய்ய உதவுகின்றன.

இரவில் பேனல் சும்மா இருக்கும். பாசி அதே தைலகாய்டு சவ்வில், எலக்ட்ரானைக் கடத்தும் அதே கருவிகளில் சிலவற்றைக்கொண்டு, பகலில் சேமித்ததை எரித்துச் சுவாசிக்கிறது. பயிர்களின் பசுங்கணிகத்தில் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே சுவாசத்துக்கு மைட்டோகாண்டிரியா தனியே இருக்கிறது.

பழுது

பேனலின் உத்தி அடைத்துப் பாதுகாப்பது. இரு கண்ணாடிகளுக்கிடையே மூடி, ஈரம் புகாமல் காத்து, 30 ஆண்டு உழைக்க வேண்டும் என்று வடிவமைக்கிறார்கள். பாசியின் உத்தி கழற்றி மாற்றுவது. கடும் வெளிச்சத்தில் ஒளியமைப்பு 2இன் டி1 புரதம் அரைமணி நேரத்திலேயே பாதி சிதைந்துவிடும். செல் புதிதாகச் செய்து பொருத்திக்கொண்டே இருக்கும்.

கணக்கு

இப்போது விழுக்காட்டுக்கு வருவோம். இவ்வகைப் பேனல் வெயிலில் சுமார் 19 விழுக்காட்டை மின்சாரமாக்குகிறது. பயிர்களின் ஒளிச்சேர்க்கையில் ஆண்டுச் சராசரி 1 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. ஆனால் ஒன்று மின்சாரம், மற்றது சேமித்த எரிபொருள். ஒளிச்சேர்க்கை ஆய்வாளர் ராபர்ட் பிளாங்கன்ஷிப்பின் குழு 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் இதைச் சரிசெய்தது. பேனலின் மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமித்தால் சுமார் 10 விழுக்காடு. உயிரிக்கலனில் வளர்க்கும் நுண்பாசிக்குச் சுமார் 3. இடைவெளி சுருங்கினாலும் பேனலே முந்துகிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஆலையையும் உயிரிக்கலனையும் கட்டும் செலவும் பழுதுபார்க்கும் செலவும் இல்லை. பாசி ஈட்டுவதில் ஒரு பங்கைத் தன்னையே கட்டவும் திருத்தவும் செலவழித்துவிட்டு, மீதியைத்தான் காட்டுகிறது. பேனலைக் கட்டும் செலவைப் பிள்ளைப்பாக்கம் ஏற்கிறது. ஆகவே மின்சாரம் வேண்டுவோர் பேனலைத் தேர்வது சரி. பாசியிடம் விளைச்சலைப் போட்டிபோட்டுக் கேட்பதைவிட, அது தன்னைத் திருத்திக்கொள்ளும் முறையைக் கற்பதே பேனல் செய்வோருக்கு ஆதாயம்.