லட்ச ரூபாய்க் குரல்

பட முதலாளி அசன்தாஸ் ‘பக்த நந்தனார்’ படத்துக்காக கே.பி.சுந்தராம்பாளைத் தேடி வந்ததோடு சென்ற வாரப் பகுதி நின்றது. அந்த அம்மையார் கேட்ட தொகையும் அதற்கு அசன்தாஸ் சொன்ன பதிலும்தான் இந்த வாரம் வந்திருக்க வேண்டும். ஆனால் தொகையை மட்டும் சொன்னால், ஏதோ லாட்டரிச் சீட்டு விழுந்த கதை போல ஆகிவிடும். அந்தக் குரலுக்கு விலை குறிக்கப்பட்ட இடம் சினிமா அல்ல, நாடக மேடை. ஆகவே படம் வந்த 1935-லிருந்து ஒன்பது வருஷம் பின்னால் போய், 1926-ல் கொழும்பில் இறங்க வேண்டியிருக்கிறது.

ரயிலில் பாடிய கொடுமுடிச் சிறுமி சுந்தராம்பாள், வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசிப் பாட்டைப் பாடிப் பெயர் வாங்கியவர். கொழும்பு மேடை ஏறியபோது சுந்தராம்பாளுக்குப் பதினெட்டு வயதுகூட நிறையவில்லை. இலங்கைத் தமிழ் ரசிகர்கள் அதற்குள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிக் கொண்டிருந்தார்கள். அந்த ஊருக்குத்தான் செங்கோட்டை நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவும் வந்து சேர்ந்தார்.

அப்போது நடந்தவை ஸ்பெஷல் நாடகங்கள். கம்பெனி நாடகம் போல மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கும் வழக்கமே அதில் கிடையாது. காண்ட்ராக்டர் கதாநாயகனான ராஜபார்ட்டுக்கு ஓர் ஊரில் ஆள் பிடிப்பார், கதாநாயகியான ஸ்திரீபார்ட்டுக்கு வேறோர் ஊரில் பேசுவார், பபூன் இன்னொரு திசையிலிருந்து வருவார். எல்லோரும் அன்று ராத்திரி மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். எந்த இடத்தில் யார் எதைக் கூட்டுவார், எந்த ராகத்துக்குத் தாவுவார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எதிராளி தொடுத்த கேள்விக்கு அதே மெட்டில், அதே தாளத்தில், அந்த நொடியிலேயே பதில் பாடியாக வேண்டும். கொஞ்சம் தடுமாறினாலும் தரை டிக்கெட்டிலிருந்து சீழ்க்கை பறக்கும்.

மைக் கிடையாது. கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வோர் எழுத்தும் விழ வேண்டும், அதுவும் விடிய விடிய.

சுந்தராம்பாளோடு மேடை ஏறினால் கிட்டப்பா தாக்குப்பிடிக்க மாட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. இந்த மாதிரிப் பேச்சைக் கிளப்புகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு, டிக்கெட் விற்க இதைவிட நல்ல விளம்பரம் ஏது? கிட்டப்பா அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். நாடகம் ‘வள்ளி திருமணம்’. வள்ளியாக சுந்தராம்பாள், வேலனாக கிட்டப்பா.

ராஜபார்ட் திரைக்குள்ளிருந்தே பாட்டை எடுத்துக்கொண்டு வருவது மேடை மரபு. ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். தினைப்புனத்துப் பரண்மேல் கவணோடு நிற்கும் வள்ளி அதைக் கேட்டுத் திரும்ப வேண்டும். ஹார்மோனியக்காரர் சுருதிக் கட்டையை அழுத்திக்கொண்டு காத்திருப்பார். சாதாரணமாக இங்கேதான் சங்கடம் வரும். ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு வேறு கட்டை. தர்க்கப் பாட்டில் இருவரும் மாறி மாறிப் பாடும்போது யாராவது ஒருவர் தன் சுருதியை விட்டு இறங்கி வந்தாக வேண்டும், அல்லது மூச்சு முட்ட ஏறியாக வேண்டும்.

கிட்டப்பாவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. பெண்கள் பாடும் உச்ச சுருதியில் அவர் சர்வ சாதாரணமாகப் பாடுவார். அதனால் வள்ளி விட்ட இடத்தில் வேலன் எடுத்தார், வேலன் நிறுத்திய ஸ்வரத்தில் வள்ளி ஏறினார். ஒரே சுருதியில் இரண்டு குரல்கள், இரண்டுமே இறங்க மறுத்தன. ‘ஒன்ஸ்மோர்’ கேட்டே ரசிகர்கள் தொண்டை வறண்டார்கள். தோற்பார் என்று பேசப்பட்டவர் தோற்கவில்லை, ஜெயிப்பார் என்று பேசப்பட்டவரும் குறைந்து போகவில்லை. அதற்குப் பிறகு இந்த ஜோடியின் பெயரைப் போட்டாலே கொட்டகை நிரம்பும் என்று காண்ட்ராக்டர்கள் கணக்குப் போட்டார்கள்.

ஜோடி மேடையோடு நிற்கவில்லை. 1927-ல் மாயவரத்தில் கல்யாணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு.

கிட்டப்பாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் குரலில் மயங்கி மற்றதையெல்லாம் மன்னித்து விடுகிறார்கள். அந்தக் குரலுக்கு எத்தனை மாலை போட்டாலும் தகும். ஆனால் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. படித்தால் நெஞ்சு கனக்கிறது. கணவர் வரவில்லை, கடிதம் போடவில்லை, யாரோ சொன்ன கோளை நம்புகிறார் என்று அந்தப் பெண் மன்றாடுகிறார். ஊர் ஊராக ராத்திரியெல்லாம் பாடிச் சம்பாதித்துக்கொண்டே மன்றாடுகிறார். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. இந்தக் கதையில் வில்லன் யார் என்று கேட்டால், முதலில் கிட்டப்பாவைப் பிடித்த குடி, அதற்கு அடுத்தபடியாக இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஊதிவிட்ட கூட்டம். கிட்டப்பாவையும் முழுக்கத் தப்ப விடுவதற்கில்லை.

1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். வயது இருபத்தெட்டுகூட நிரம்பவில்லை. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. நகைகளைக் கழற்றினார், வெள்ளைப் புடவை உடுத்தினார், இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். நாடக உலகத்தில் அன்று அதிகம் சம்பாதித்த ஒரு ஸ்திரீபார்ட், ஸ்திரீபார்ட்டே வேண்டாம் என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் எடுத்துச் சொல்லித்தான் மறுபடி பொது வாழ்க்கைக்கு வந்தார்.

அந்த நேரத்தில்தான் அசன்தாஸ் வந்தார். ஆளைத் தட்டிக் கழிப்பதற்காகவே சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் கேட்டார், அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஒரு பவுன் முப்பது ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது. லட்ச ரூபாய் என்றால் 3,000 பவுனுக்கு மேல். இந்தியாவில் ஒரு படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கிய முதல் நட்சத்திரம் என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது.

இதை முதலாளியின் தாராள மனசாகவே பலரும் சொல்கிறார்கள். அது சரியல்ல. எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் அந்தப் பெயரைப் போட்டால் எவ்வளவு வசூலாகும் என்பது பத்து வருஷமாகப் பார்த்த கணக்கு. ஒரு வியாபாரி அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தலையாட்டியிருக்க முடியும். சுந்தராம்பாளும் தன் விலை தெரிந்தே கேட்டார்.

வேஷத்தைக் கவனிக்க வேண்டும். நந்தனார் ஆண். அந்த வேஷத்தில் ஜோடி என்ற பேச்சே எழாது, விரதத்துக்கும் பங்கம் வராது. எதிரே வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். திருப்புன்கூர் கோயில் வாசலில் நின்று நந்தி மறைக்கிறதே என்று கெஞ்சும் பண்ணையாள் நந்தனாரின் ஏக்கத்தை, வெள்ளைப் புடவையில் இருந்த அந்த இளம்பெண் வேட்டி கட்டிக்கொண்டு பாடினார். 1935-ல் படம் வெளியானது. போட்ட பணத்துக்கும் செய்த விளம்பரத்துக்கும் தக்கபடி அது ஓடவில்லை. ஆனால் சம்பளம் சுந்தராம்பாள் கைக்கு வந்துவிட்டது.

அந்தப் பணம் என்ன ஆயிற்று, ‘ஔவையார்’ படத்துக்காக ஜெமினி ஸ்டூடியோ வாசன் எப்படி வந்தார், சட்ட மேலவைக்குள் அந்த வெள்ளைப் புடவை எப்படி நுழைந்தது என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)