நூல் பிடித்த சக்கரம்

எதிர்வீட்டுப் பிள்ளையின் புல்லட்டில் பின் டயர் இடப்பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்துவிடுகிறது. இரண்டு டயர் மாற்றியாயிற்று. கடைக்காரர் டயர் மட்டம் என்கிறார், மெக்கானிக் ரோடு மட்டம் என்கிறார். டயரை மாற்றுவதற்கு முன் சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் எங்கே போயிற்று என்று யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தப் பதிவு.

சக்கரம் கோணுவதற்கு இடம் கொடுத்தது செயின். பெரிய முன் சக்கரத்திலேயே பெடல் வைத்த பழைய சைக்கிளில் இந்தத் தொல்லை கிடையாது. 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். செயின் பின் சக்கரத்தை இழுத்தது. ஓட ஓட செயின் நீளும், நீண்டால் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளும்போது ஒரு பக்கம் கூடலாம், மறுபக்கம் குறையலாம். தள்ளி வைக்க வசதி செய்தவர்கள் கோணுவதற்கும் வசதி செய்துவிட்டார்கள்!

மூன்றே வருடத்தில், 1888இல், பெல்ஃபாஸ்டில் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தார். (பள்ளியில் நாங்கள் டயரைப் 'ப்னே' என்றுதான் படித்தோம். கிரேக்க மொழியில் மூச்சு, காற்று என்ற பொருளுள்ள சொல்லின் மிச்சம் அது.) அந்த டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பஞ்சர் என்றால் கழற்ற மணிக்கணக்கு, பசை காய ஓர் இரவு. கிளெர்மோன் ஃபெரானில் மிஷ்லென் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைச் செய்து, 1891இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் ஷார்ல் தெரோனின் சைக்கிளில் பூட்டினார்கள். ஜெயித்தவர் அவர்தான். அதன் பிறகுதான் சாதாரண ஜனங்கள் வீட்டுத் திண்ணையில் டயரைக் கழற்றிப் பார்க்க முடிந்தது.

நம் புல்லட்டுக்கு வருகிறேன். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து எங்கள் பக்கத்துத் திருவொற்றியூரில் தொடங்கிய வண்டி. அதன் பின் அச்சின் இரு நுனியிலும் நத்தை ஓடு மாதிரி சுருண்ட, பல் வெட்டிய தகடு உண்டு. திருப்பினால் அச்சு பின்னுக்கு நகரும். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கைப் பல்லில் வைத்தால் போதும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்விங் ஆர்ம் ஒருமுறை அடிபட்டு வெல்டிங் கண்டிருந்தால் பல் கணக்கு பொய் சொல்லும். நூல் பொய் சொல்லாது.

முதலில் காற்றைப் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்வது நேர்ச் சாலையில் ஓடும் வண்டிக்குச் சகஜம். காற்று அதிகமாக இருந்தாலும் அப்படித்தான். நம் ரோடு இடப்பக்கம் சரிந்திருப்பதால் வலப்பக்கம் கொஞ்சம் கூடத் தேய்வதும் இயல்பு. வலப்பக்கம் ஓட்டும் பிரான்ஸில் இது தலைகீழ். ஆகவே இங்கே இடப்பக்கம் தேய்ந்தால்தான் எனக்குச் சந்தேகம்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டிலை நேராக வையுங்கள். நீளமான நூலைப் பின் டயரின் பின்புறம் சுற்றி, இரு பக்கமும் முன் டயர் வரை இழுத்துக் கட்டுங்கள். நூல் ஸ்டாண்டிலோ வேறெதிலோ இடிக்காத உயரம் முக்கியம். பழைய 350 புல்லட்டில் இரண்டு டயரும் ஒரே அளவு, 3.25–19. அதனால் நூல் இரு டயரையும் இரு பக்கமும் லேசாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் முன் டயரை இடித்து, மறுபக்கம் இடைவெளி விட்டால் பின் சக்கரம் கோணல். அச்சு நட்டைத் தளர்த்தி, நூல் இடிக்கும் பக்கத்துத் தகட்டை ஒரு பல் பின்னுக்குத் தள்ளுங்கள். செயின் இறுகிவிட்டால் எதிர்ப்பக்கத்தை ஒரு பல் முன்னுக்கு. சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் தளர்வு பாருங்கள். நட்டை முறுக்கியபின் பிரேக் ராடை மறுபடி சரி செய்ய மறக்காதீர்கள். பலர் மறக்கிறார்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது.

அம்பாசடர் காலத்தில் பின் சக்கரத்தை யாரும் பார்த்ததே இல்லை. முன்பக்கம்தான் அலைன்மென்ட். பின்னால் ஒரே அச்சு, இரண்டு பட்டை ஸ்பிரிங், திருப்ப ஒன்றுமில்லை. ஆனால் பட்டைகளின் நடு போல்ட் அறுந்தால் அச்சு ஒரு பக்கம் நழுவிவிடும். உங்களுக்கு முன்னால் நண்டு மாதிரி சாய்ந்து ஓடும் பழைய பஸ்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இந்தச் சமாச்சாரம்தான்.

பிரான்ஸில் பெரியப்பா வைத்திருந்த ரெனோ 4 வேறு ஜாதி. 1961இல் வந்து 80 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கை, ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி. காரின் குறுக்கே இரண்டு கம்பியையும் ஒரே இடத்தில் வைக்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டார்கள். அதனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் வலப்பக்கம் 48 மில்லிமீட்டர் அதிகம். விஷயம் தெரியாதவர் டேப் வைத்து அளந்தால் விபத்தில் அடிபட்ட வண்டி என்றுதான் நினைப்பார். ஆனால் நூல் பிடித்தால் இரண்டு பின் சக்கரமும் நேராகத்தான் நிற்கும். ஒன்று சற்றுப் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான். கம்பெனி அதை மறைக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. 1992 வரை பிரான்ஸில் அப்படியே விற்றார்கள்.