லக்கல மலையில் ஒரு வாத்தியார்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக லக்கல நோக்கிச் செல்லும் பாதையில் எப்போது பயணம் செய்தாலும் எனக்கு என் முதல் ஆசிரியரின் நினைவு வந்துவிடுகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மூடுபனிக்குள் ஏலக்காய் வாசனையோடு கிடந்த ஒரு தோட்டத்தில், ஒற்றை அறைப் பாடசாலையில், ஐந்து வகுப்புகளுக்கும் தனியொருவராகப் பாடம் சொன்னவர் அவர். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விளம்பரத்தை விரும்பாதவர் என்பதோடு, எங்களுக்கு அவர் என்றைக்கும் 'மாஸ்டர்' மட்டுந்தான்.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் தோட்டப் பாடசாலையின் வரலாற்றையும் எழுதத்தான் வேண்டும். இரண்டும் பிரிக்க முடியாதவை.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மலைநாட்டின் வாசல் மாத்தளை. 1880இல் புகையிரதம் மாத்தளைக்கு வந்தது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. ஆனால் லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து வர வெகுகாலம் பிடித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. நிர்வாகங்கள் பல அதனைப் பெயரளவில் நிறைவேற்றின. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஓர் ஆசிரியர். 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும் அதன் பயன் தோட்டத்தின் எல்லைக்குள் எளிதில் நுழையவில்லை.

அந்த ஓராசிரியர்களில் கணிசமானோர் கத்தோலிக்கர்கள். தமிழகத்தில் மிஷன் பாடசாலைகளில் படித்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அண்மைக் காலத்தில் நாம் இழந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அத்தகைய குடும்பத்தில் வந்தவர். 1934இல் பதுளை ஹாலி எலவுக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த அவருடைய தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். ஜோசப் கும்பகோணத்திலும் பின்னர் பதுளையிலும் கற்று, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். அந்தத் தோட்டத்தின் பெயரே அவர் பெயராயிற்று. 1974இல் 'காலங்கள் சாவதில்லை' நாவலைத் தந்தார். 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருதைப் பெற்றார். 2022 ஒக்டோபரில் மறைந்தார். இலக்கியத்தில் அவர் பதிந்துவைத்த மனிதர்களுக்குள் எங்கள் மாஸ்டரைப் போன்றவர்களும் இருக்கிறார்கள் என்றே அவரை வாசிக்குந்தோறும் நினைப்பேன்.

மாஸ்டர் அதிகாலையில் எழுந்து மனைவி மக்களோடு செபமாலை சொல்லிவிட்டுத்தான் பாடசாலைக் கதவைத் திறப்பார். சுவாமியார் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் மூன்று மணித்தியாலம் நடந்து பூசைக்குப் போய் வருவார்கள், குடும்பமாக. ஜூன் மாதத்தில் மாத்தளை மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள வாகக்கோட்டை அந்தோனியார் திருவிழா. கண்டி மன்னர்களின் காலத்திலேயே கத்தோலிக்கர் குடியிருந்த ஊர் அது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கி, பின்னர் கண்டி இராச்சியத்தில் ஊர் ஊராக நடந்து திரிந்து, 1711இல் கண்டியில் உயிர்நீத்த யோசப் வாஸ் அடிகளாரின் கதையை மாஸ்டர் எங்களுக்குச் சரித்திர பாடமாகச் சொல்வார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த நாளில், செய்தி எழுதுவதற்காகக் காலிமுகத்திடலில் நின்றிருந்த என் காதில் மாஸ்டரின் குரல்தான் கேட்டது.

எங்கள் குடும்பம் சைவக் குடும்பம். மாஸ்டர் ஒருநாளும் எங்களைத் தம் மதத்துக்கு அழைத்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவரே தேவாரம் சொல்லித் தருவார். பிழையாகச் சொன்னால் பிரம்பு உண்டு. "தம்பி, கடவுளுக்கு முன்னால் தப்பாகப் பேசக்கூடாது" என்பார்.

இனி நான் சொல்ல வேண்டியது வேதனையான பகுதி.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கணக்கில் வராதது குடும்பம். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்று ஆனவர்கள் எத்தனையோ பேர்.

மாஸ்டரின் வீட்டிலும் அதுதான் நடந்தது. அவருக்கும் மனைவிக்கும் இளைய பிள்ளைகளுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. கட்டிக் கொடுத்திருந்த மூத்த மகளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தோட்டங்களையும் தோட்டப் பாடசாலைகளையும் அரசு எழுபதுகளில் பொறுப்பேற்றபோது, பிரஜையல்லாத அவருக்கு நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. ஆனாலும் கதவைத் திறப்பதை அவர் நிறுத்தவில்லை. இரண்டு தடவை பயணத்தைத் தள்ளிப்போட்டார். 1982இல் அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

நாங்கள் அப்போது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். "பரீட்சை முடியும்வரையாவது இருங்கள் மாஸ்டர், அம்மாவை முன்னால் அனுப்பிவிடுங்கள்" என்று என் தந்தையார் கேட்டார். மாஸ்டர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஒரு மகளை விட்டுவிட்டுப் போகிறேன். மற்றவர்களையும் தனியே விட எனக்குத் தைரியம் இல்லை, அண்ணே" என்றார். மறுவாரம் தலைமன்னாருக்குப் புறப்பட்டார்கள். கப்பலேறுமுன் மகளைக் கட்டிக்கொண்டு அவர் அழுததை, வழியனுப்பப் போனவர்கள் வந்து சொன்னார்கள். நான் வழியனுப்பப் போகவில்லை. எங்களைக் கைவிட்டுவிட்டார் என்று கோபம்.

அந்த ஆண்டு எங்கள் பாடசாலையில் ஒருவரும் சித்தியடையவில்லை. மறு ஆண்டு ஜூலையில் மாத்தளை எரிந்தது. 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. தந்தையும் மகளும் அதன்பின் சந்திக்கவே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, பத்திரிகைப் பணியாக நீலகிரிக்குச் சென்றபோது அவருடைய இளைய மகனைத் தேடிக் கண்டுபிடித்தேன். மாஸ்டர் காலமாகிவிட்டிருந்தார். அவர் தினமும் செபமாலையோடு வைத்திருந்த ஒரு பழைய கொப்பியை மகன் எடுத்து வந்து காட்டினார். லக்கல பாடசாலையின் இடாப்பிலிருந்து பிரதி செய்த எங்கள் பெயர்கள், வரிசையாக. ஒவ்வொரு மாலையும் மூத்த மகளின் பெயரைச் சொல்லிய பின் இவற்றையும் சொல்லுவாராம். என் பெயருக்கு நேரே, 'தமிழ் நன்று, கணக்கு கவனம் தேவை' என்றிருந்தது.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தது. பழைய பல்லேகம நகரம் இன்று களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. ஒப்பந்தங்களைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டேன். எல்லாவற்றிலும் எண்கள் இருந்தன. அந்தக் கொப்பியில் இருந்தவை பெயர்கள். என் கோபத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. ஆகவே இதனை எழுதி வைக்கிறேன்.